தரையிலேயே நடந்துவிடும் தவறு: சிறுவிமானங்கள் புறப்படும்போது விமானிகள் சறுக்குவது எங்கே?

சிங்கப்பூரில் இயற்கையாக அமைந்த மிக உயரமான இடம் புக்கிட் தீமா குன்று. அதன் உயரம் 164 மீட்டர்தான். ஆனால் நண்பகல் வெயிலில் சிலேத்தார் விமான நிலைய ஓடுபாதையின் முனையில் நிற்கும் ஒரு சிறுவிமானம், தான் 600 மீட்டர் மலைமேல் நிற்பதுபோலத்தான் நடந்துகொள்ளும். தரையின் உயரம் அதற்குப் பொருட்டல்ல. காற்று எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பதே பொருட்டு. கடல்மட்டத்தில் 15 டிகிரி செல்சியஸ் என்பதுதான் உலகெங்கும் விமானத் தயாரிப்பாளர்கள் அடிப்படையாக வைத்துக்கொள்ளும் வெப்பநிலை. அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரியும் விமானத்தை ஏறக்குறைய 120 அடி உயரே தூக்கி வைத்ததற்குச் சமம். நம் ஊரின் 32 டிகிரிக்குக் கணக்குப் போட்டால் 2,000 அடியைத் தாண்டிவிடுகிறது. ஈரப்பதத்தையும் சேர்த்தால் இன்னும் சற்றுக் கூடும்.

அடர்த்தி குறைந்து காற்று இளகினால் மூன்று இடங்களில் அடி விழுகிறது. எஞ்சினுக்குள் போகும் காற்று குறைவதால் அதன் வலு குறைகிறது. காற்றாடி பின்னே தள்ளுவதற்குக் கிடைக்கும் காற்றும் குறைவு. இறக்கைகளைத் தாங்கும் காற்றும் குறைவு என்பதால் கூடுதல் வேகத்தில் ஓடினால்தான் விமானம் தரையை விட்டுக் கிளம்பும். வேகமானியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. அந்தக் கருவியும் அதே இளகிய காற்றைக் கொண்டே அளக்கிறது. வழக்கமான எண்ணைத்தான் காட்டும். ஓடுபாதைதான் வழக்கத்தைவிடச் சீக்கிரம் தீர்ந்துபோகும்.

'புறப்படும்போது விமானி செய்த தவறு' என்று செய்தியில் படித்ததும், விமானி ஏதோ ஒரு கணத்தில் கையைத் தவறாக அசைத்துவிட்டார் என்றுதான் பலரும் எண்ணிக்கொள்கிறோம். சில விபத்துகளில் அது உண்மை. ஆனால் புலனாய்வு அறிக்கைகளைத் தொடர்ந்து படித்துவந்தால் வேறொரு வடிவம் தெரியவரும். பெரும்பாலான தவறுகள் விமானம் உருளத் தொடங்குமுன்பே நடந்து முடிந்துவிடுகின்றன. எடையைக் கூட்டாமல் விட்டது, எரிபொருளில் நீர் கலந்திருக்கிறதா என்று பார்க்காதது, இருக்கை பூட்டிக்கொண்டதா என்று அசைத்துப் பார்க்காதது, மழைக்கு முன் கிளம்பிவிடலாம் என்று மனத்துக்குள் முடிவு கட்டியது. ஓடுபாதையில் நடப்பது அந்தத் தவறுக்கான வசூல்தான்.

தரையிறங்கும்போதும் சிறுவிமானங்கள் அடிபடுகின்றன. எண்ணிக்கையில் அவைதான் அதிகம். சக்கரம் மடங்கும், காற்றாடி வளையும், விமானி தலையைச் சொறிந்துகொண்டு இறங்கி வருவார். புறப்பாட்டு விபத்துகள் எண்ணிக்கையில் குறைவு, உயிர்ப்பலி விகிதத்தில் அதிகம். தரையிறங்கும் விமானம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வருகிறது. புறப்படும் விமானமோ தொட்டி நிறைய எரிபொருளுடன், முழு விசையில், வேகத்தைக் கூட்டிக்கொண்டே போகிறது. சறுக்கினால் சரிசெய்துகொள்ள அதற்குக் கீழே உயரம் இல்லை; முன்னே ஓடுபாதையும் இல்லை.

நான்கு இருக்கை, மூன்று பேர்

உலகில் மிக அதிகமாகத் தயாரிக்கப்பட்ட விமானம் செஸ்னா 172. அதன் 172 எஸ் வகையில் நான்கு இருக்கைகள் உண்டு. வார இறுதியில் மலாக்காவுக்கோ தியோமானுக்கோ குடும்பத்தை அழைத்துப்போக நினைக்கும் ஓர் இளைஞரை எடுத்துக்கொள்வோம். தனியார் விமானி உரிமம் கைக்கு வந்து சில மாதம்தான் ஆகிறது. அம்மா, அப்பா, அவர் என்று மூவருக்குத்தான் ஏற்பாடு. புறப்படும் காலையில் அம்மா சொல்கிறார்: "தம்பி, நான்கு இருக்கை இருக்கிறதே, மாமாவும் வரட்டும்."

கணக்கைப் பார்ப்போம். 172 எஸ் வகை விமானம் தன் சொந்த எடை போகச் சுமக்கக்கூடியது ஏறக்குறைய 400 கிலோ. தொட்டியை நிரப்பினால் எரிபொருளுக்கே 145 கிலோ போய்விடும். மிச்சம் 255 கிலோ. ஆளுக்கு 75 கிலோ என்று வைத்தாலே நால்வர் 300 கிலோ. பைகளை இன்னும் எடைபோடவில்லை. மாமாவுக்குச் சற்றுத் தொந்தி என்பதையும் சேர்க்கவில்லை. நான்கு இருக்கை விமானத்தில் நான்கு பெரியவர்களும் நிறைந்த தொட்டியும் ஒன்றாகப் போக முடியாது என்பது இந்தத் துறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு வியப்பாக இருக்கும். எரிபொருளைக் குறைக்க வேண்டும் அல்லது ஒருவரை வீட்டில் விட்டுவர வேண்டும். நம் குடும்பங்களில் இரண்டாவதைச் சொல்வதற்கு எவ்வளவு துணிவு வேண்டும் என்பதை நான் விளக்கத் தேவையில்லை. விமானக் கையேடுகளில் மாமாவிடம் 'வேண்டாம்' என்று சொல்லும் முறை எழுதப்படவில்லை.

எடை எவ்வளவு என்பதைப் போலவே அது எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். பின்னிருக்கையிலும் அதற்குப் பின்னால் உள்ள பெட்டி அறையிலும் பளு கூடினால் விமானத்தின் ஈர்ப்பு மையம் வால் பக்கம் நகரும். தராசின் ஒரு தட்டு தாழ்ந்தால் மறு தட்டு எழுவதுபோல மூக்கு தானாக மேலே கிளம்பும். அதைத் திரும்பக் கீழே கொண்டுவர, மூக்கை ஏற்றி இறக்கும் வால் மடலான எலிவேட்டருக்குப் போதிய பிடி இருக்காது. 2001 ஆகஸ்ட் 25 அன்று பஹாமாஸ் நாட்டின் மார்ஷ் ஹார்பரில் அமெரிக்கப் பாடகி ஆலியாவையும் அவருடைய குழுவினரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிய செஸ்னா 402 விமானம், ஓடுபாதையைத் தாண்டிய சற்று நேரத்திலேயே விழுந்தது. இருந்த 9 பேரும் மாண்டனர். அனுமதிக்கப்பட்ட எடையைவிட அது 300 கிலோவுக்கும் மேல் கூடுதலாகச் சுமந்திருந்தது. ஈர்ப்பு மையமும் பின் எல்லையைத் தாண்டியிருந்தது. அந்த விமானத்தை ஓட்ட அந்த விமானிக்கு அனுமதியும் இல்லை. இத்தனையும் தரையில் இருந்தபோதே முடிவாகிவிட்டவை.

பெருகும் கணக்கு

பிரிட்டனின் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையம் சிறுவிமானிகளுக்கு எளிய விதிகள் சிலவற்றைத் தந்திருக்கிறது. எடை 10 விழுக்காடு கூடினால் புறப்பாட்டுக்குத் தேவைப்படும் தூரம் 20 விழுக்காடு கூடும். வெப்பம் 10 டிகிரி ஏறினால் 10 விழுக்காடு. கிளம்பும் வேகத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குப் பின்காற்று வீசினால் 20 விழுக்காடு. ஈரமான புல்தரை என்றால் 30. இவற்றைக் கூட்டக்கூடாது, ஒன்றோடொன்று பெருக்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். எல்லாம் கொஞ்சம் கொஞ்சம்தானே கூடுகிறது என்று மனம் கணக்குப் போடுகிறது.

172 எஸ் முழு எடையுடன், கடல்மட்டத்தில், 15 டிகிரியில், காற்றில்லாத நாளில் 50 அடி உயரத்தை எட்டுவதற்கு ஏறக்குறைய 500 மீட்டர் எடுத்துக்கொள்கிறது. நம் ஊர் வெப்பத்தைப் பெருக்கினால் 585. ஐந்தாறு நாட் (மணிக்கு ஏறக்குறைய 10 கிலோமீட்டர்) பின்காற்றைப் பெருக்கினால் 700. பத்து விழுக்காடு கூடுதல் எடையைப் பெருக்கினால் 840. மழை பெய்து ஓய்ந்த புல்தரையில் 1,100ஐத் தொடுகிறது. இதற்கு மேல் ஒன்றேகால் மடங்குக்கும் சற்று அதிகமான பாதுகாப்பு இடைவெளி வைத்துக்கொள்ளச் சொல்கிறது அந்த ஆணையம். கையேட்டில் உள்ள எண்கள் புத்தம்புதிய விமானத்தில் கைதேர்ந்த சோதனை விமானி எடுத்தவை என்பதால்தான் அந்த இடைவெளி.

சிலேத்தாரில் பழகியவர்களுக்கு இதில் தனியாக ஓர் ஆபத்து இருப்பதாக நான் நினைக்கிறேன். 1928இல் பிரிட்டிஷ் விமானப்படைத் தளமாகத் தொடங்கிய அந்த நிலையத்தின் ஓடுபாதை இன்று 1,836 மீட்டர் நீளம். இளையர் விமான மன்றத்து மாணவர்களும் பொழுதுபோக்கு விமானிகளும் அங்கேதான் கைபழகுகிறார்கள். மேலே உள்ள எல்லாத் தவறுகளையும் ஒரே நாளில் செய்தாலும் அந்த நீளம் பொறுத்துக்கொள்ளும். கணக்குப் போடாமல் கிளம்பினாலும் விமானம் எழும்பிவிடும். கணக்குத் தேவையில்லை என்ற பாடம் மனத்தில் பதிந்துவிடும். பிறகு ஒருநாள் அதே விமானி ஒருபுறம் மலையும் மறுபுறம் கடலுமாக நெருக்கும் தியோமானின் குறுகிய ஓடுபாதையிலோ, ஆஸ்திரேலியப் பண்ணை ஒன்றின் புல்தரையிலோ போய் நிற்பார்.

1996 ஏப்ரல் 11 அன்று அமெரிக்காவின் செயென் நகரில் நடந்தது இதற்குப் பக்கத்தில் வரும் கதை. நாட்டைக் குறுக்காகக் கடந்து சாதனை படைக்க 7 வயதுச் சிறுமி ஒருத்தி, தந்தையுடனும் பயிற்றுநருடனும் செஸ்னா 177 ஒன்றில் போய்க்கொண்டிருந்தாள். செயென் விமான நிலையம் 6,156 அடி உயரத்தில் இருக்கிறது. கலிஃபோர்னியாவின் கடற்கரையோர நிலையத்திலிருந்து வந்தவர்கள் அவர்கள். விமானம் அனுமதித்த எடையைவிட ஏறக்குறைய 43 கிலோ கூடுதல். இடிமழை நெருங்கிக்கொண்டிருந்தது, அது வந்து சேருமுன் கிளம்பிவிட வேண்டும் என்ற அவசரம். கிளம்பிய சில நிமிடங்களில் மூவரும் இறந்தனர். சிறுமி ஓட்டினாளா என்று உலகம் முழுவதும் விவாதித்தார்கள். புலனாய்வாளர்கள் கைகாட்டியது வேறு திசையில்: மோசமாகிக்கொண்டிருந்த வானிலையில், கூடுதல் எடையுடன், தனக்குப் பழக்கமில்லாத இளகிய காற்றில் கிளம்பப் பயிற்றுநர் எடுத்த முடிவு.

அவசரத்துக்கு நம் வானிலையும் நன்றாகத் துணைபோகிறது. ஆண்டில் 160க்கும் மேற்பட்ட நாட்களில் இங்கே இடி இடிக்கிறது. சுமத்ரா காற்று அதிகாலையில் மேற்கிலிருந்து சுவர்போல் வந்து விழும். இடிமேகத்துக்கு முன்னால் ஓடிவரும் குளிர்ந்த காற்று திசையைச் சட்டென்று புரட்டிப்போடும். முகத்தில் வீசிக்கொண்டிருந்த காற்று உருளத் தொடங்கிய பாதியில் முதுகில் வீசும். 'இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது' என்று கிளம்புபவருக்கு அந்தப் பத்து நிமிடத்தின் முதல் நிமிடமே ஆகாதது.

விமானம் எழும்பிய பிறகு

தரையிலிருந்து தன் இறக்கை விரிவின் அளவு உயரத்துக்குள் பறக்கும்போது விமானத்தின் மீதான காற்றுத்தடை வெகுவாகக் குறைகிறது. தரை, இறக்கை நுனிச் சுழல்கள் முழுதாக உருவாகவிடாமல் தடுக்கிறது. செஸ்னா 172க்கு அது ஏறத்தாழ 11 மீட்டர் உயரம். இதனால் இன்னும் பறக்கத் தகுதியில்லாத வேகத்திலேயே விமானம் தரையை விட்டு எழும்பிவிடும். மூக்கைச் சீக்கிரமே தூக்கிய விமானிக்கு எல்லாம் சரியாக நடப்பதாகவே தோன்றும். பத்து மீட்டரைத் தாண்டியதும் தடை முழுதாக வந்து பற்றிக்கொள்ளும். விமானம் ஏற மறுக்கும். எதிரே மரங்கள் பெரிதாகும்.

அந்த நொடியில் மனித உடல் செய்ய நினைப்பது ஒன்றுதான்: பிடியை இன்னும் இழுப்பது. மேலே போகவேண்டும், ஆகவே மேலே காட்டு. ஆனால் இறக்கை காற்றைச் சந்திக்கும் கோணம் 15, 16 டிகிரியைத் தாண்டினால் அதன் மேல்பரப்பில் ஓடும் காற்று பிய்த்துக்கொண்டுவிடும். தூக்குவிசை திடீரென்று சரியும். இதைத்தான் ஸ்டால் என்கிறார்கள். எஞ்சின் நின்றுபோவதல்ல, முழு விசையில் எஞ்சின் உறுமிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். மீள்வதற்கு மூக்கைக் கீழே தாழ்த்த வேண்டும். தரை 10 மீட்டருக்குக் கீழே இருக்கும்போது மூக்கைத் தாழ்த்தும் துணிவு பயிற்சியால் மட்டுமே வரும். பலருக்கு வந்ததில்லை.

இதே நேரத்தில் விமானம் இடப்பக்கம் இழுக்கும். காற்றாடியின் சுழற்சி, அது கிளப்பும் சுழல் காற்று வாலில் மோதுவது, மூக்கு உயரும்போது காற்றாடியின் இறங்குமுக இறகு கூடுதலாகத் தள்ளுவது எல்லாம் சேர்ந்து செய்யும் வேலை அது. வலக்காலால் சுக்கானை அழுத்திப் பிடிக்க வேண்டும். பயிற்றுநர்கள் தொண்டை வறளக் கத்தும் இரண்டு சொற்கள் "வலது கால், வலது கால்" என்பதுதான். ஸ்டால் ஆகும் நேரத்தில் அந்தக் கால் சோம்பியிருந்தால் ஓர் இறக்கை முந்தி விழும்; விமானம் சுழலத் தொடங்கும். அந்த உயரத்தில் அதற்கு மருந்து கிடையாது.

ஃபிளாப் எனப்படும் இறக்கை மடல்களையும், பிடியை அழுத்திப் பிடிக்காமலேயே மூக்கை ஒரு நிலையில் நிறுத்திவைக்க உதவும் டிரிம் சக்கரத்தையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தரையிறங்கி நிற்காமல் உடனே மறுபடி கிளம்பும் பயிற்சியில் மடல்களை முழுதாக விரித்தபடியே விட்டுவிடுவதும், தரையிறங்குவதற்காக மூக்கு உயர வைத்த டிரிமை மறந்துவிடுவதும் மாணவர்களின் வழக்கமான பிழைகள். அருகில் பயிற்றுநர் இருக்கும்வரை திட்டோடு போய்விடும்.

சுற்றிப் பார்க்கும் பத்து நிமிடம்

புறப்படுமுன் விமானத்தைச் சுற்றிவரும் விமானியைப் பக்கத்திலிருந்து பார்த்தால் கையில் விரலளவு கனமுள்ள ஒரு கண்ணாடிக் குவளை இருக்கும். இறக்கையின் அடியில் உள்ள வால்வை அதன் முனையால் அழுத்துவார். வெளிர்நீல எரிபொருள் கொஞ்சம் குவளைக்குள் இறங்கும். அதை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார். அடியில் நிறமில்லாத ஒரு முத்து உருண்டால் அது நீர். பாதி காலித் தொட்டிக்குள் இரவின் ஈரம் படிந்து இறங்கியிருக்கும், அல்லது தேய்ந்த மூடி வழியே மழை கசிந்திருக்கும். நம் ஊரின் ஈரத்தில் இதைத் தவிர்ப்பது சூதாட்டம். முழுவதும் நிறமில்லாமல் வந்தால் இன்னும் மோசம்: குவளையில் இருப்பது மொத்தமும் நீராக இருக்கக்கூடும் என்பதை மனம் சட்டென்று ஏற்காது.

எரிபொருளில் இன்னொரு பொறியும் உண்டு. இடத்தொட்டி, வலத்தொட்டி என்று மாற்றும் திருகு உள்ள விமானங்களில், புறப்படுவதற்குச் சற்று முன்பு அதைத் தவறான நிலைக்குத் திருப்பிவிட்டால் எஞ்சின் உடனே நிற்காது. குழாயில் மிச்சமிருக்கும் எரிபொருளில் அது உருளும், கிளம்பும், நூறு இருநூறு அடி ஏறும். அங்கே போய் நிற்கும். அதனால்தான் புறப்பாட்டுக்கு முந்திய கணத்தில் தொட்டி மாற்றாதே என்று சொல்லிக்கொடுக்கிறார்கள்.

வேகமானிக்குக் காற்றைக் கொண்டுபோகும் பிட்டோ குழாயின் வாய் சிறியது. வெப்பமண்டலக் குளவிகளுக்குக் கூடுகட்ட ஏற்ற அளவு. இதற்காக உறை மாட்டுகிறார்கள். பிறகு உறையைக் கழற்ற மறக்கிறார்கள். சிறுவிமானிகள் மட்டுமல்ல. 2018 ஜூலை 18 அன்று பிரிஸ்பேனிலிருந்து கோலாலம்பூருக்குக் கிளம்பிய மலேசியா ஏர்லைன்ஸ் ஏர்பஸ் 330 ஒன்று, குளவிகளுக்கு அஞ்சி மாட்டிய உறைகளோடே வானில் ஏறியது. வேகம் தெரியாமலேயே திரும்பி வந்து பத்திரமாக இறங்கினார்கள். உருளத் தொடங்கியதும் வேகமானி அசைகிறதா என்று பார்ப்பது, அசையவில்லை என்றால் அங்கேயே நிறுத்துவது என்ற இரண்டு நொடிப் பழக்கம் இதற்குத்தான்.

பிறகு இருக்கை. செஸ்னா விமானங்களில் இருக்கை தண்டவாளத்தில் முன்னும் பின்னும் நகரும். ஒரு முள் துளைக்குள் விழுந்து அதைப் பிடித்து நிறுத்தும். பழைய விமானத்தில் துளை தேய்ந்திருந்தால் முள் சரியாக விழாது. முழு விசை கொடுத்து மூக்கு உயரும் நொடியில் விமானி இருக்கையோடு பின்னால் சறுக்கிப் போவார். கையில் இருப்பதைப் பற்றிக்கொள்வது இயல்பு; கையில் இருப்பதோ கட்டுப்பாட்டுப் பிடி. விமானம் நிமிர்ந்து எழுந்து ஸ்டால் ஆகும். இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. அமெரிக்காவின் விமானப் போக்குவரத்து நிர்வாகம் அந்தத் தண்டவாளங்களைக் குறித்த கால இடைவெளியில் சோதிக்கும்படி கட்டாய உத்தரவே போட்டது. இதை விமானியின் தவறு என்பதா, தண்டவாளத்தின் தவறு என்பதா? உருளுமுன் இருக்கையை உடம்பால் ஆட்டிப் பார்த்திருக்க வேண்டும் என்பதும் உண்மை.

கதவு திறந்துகொள்வது வேறு வகை. சரியாக மூடாத கதவு எழும்பும்போது படீரென்று திறக்கும், காற்று இரையும், காகிதங்கள் பறக்கும். விமானம் திறந்த கதவோடும் ஒழுங்காகப் பறக்கும். ஆனாலும் கதவை மூடக் கைநீட்டியவர் வேகத்தைக் கவனிக்காமல் விட்டதால் விழுந்த விமானங்கள் உண்டு.

எரிபொருளைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டரில் உறையும் பனியையும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனெனில் சிங்கப்பூரில் பனியா என்று யாரும் நம்புவதில்லை. கார்பரேட்டரின் குறுகிய கழுத்தில் எரிபொருள் ஆவியாகும்போது வெப்பநிலை 30 டிகிரிக்கும் மேல் சரியக்கூடும். வெளியே 28 டிகிரியும் ஈரம் ததும்பும் காற்றும் இருந்தால் உள்ளே பனிக்கட்டி கட்டிவிடும். குறைந்த விசையில் ஓடுபாதைக்கு உருண்டுபோய், முறைக்காகக் காத்து நிற்கும் பத்து நிமிடத்தில் அது வளர்கிறது. புதிய விமானங்களில் எரிபொருளை நேரடியாகச் செலுத்தும் எஞ்சின்கள் இருப்பதால் இந்தக் கவலை இல்லை. பழைய விமானத்தை வாடகைக்கு எடுப்பவருக்கு இன்னமும் உண்டு.

பருவக்காற்று தீர்மானிக்கும் திசை

புறப்பட்டதும் எஞ்சின் நின்றால் என்ன செய்வது? இது விமானியின் தவறால் நேராத கோளாறாக இருக்கலாம். ஆனால் அதற்குப் பிறகு நடப்பதில்தான் பலர் உயிரை இழக்கிறார்கள். பின்னால் 1,800 மீட்டர் ஓடுபாதை இருக்கிறது, திரும்பிவிடலாம் என்று தோன்றும். திரும்புவது 180 டிகிரி அல்ல. அரைவட்டம் அடித்தால் ஓடுபாதைக்குப் பக்கவாட்டில் இணையாகத்தான் வந்து நிற்போம். அதன் நேருக்கு வர மேலும் திருப்பி, மறுபடி நிமிர்த்த வேண்டும். சாய்ந்து திரும்பும் விமானம் நேராகப் பறப்பதைவிடக் கூடுதல் வேகத்திலேயே ஸ்டால் ஆகும்: 45 டிகிரி சாய்வில் 19 விழுக்காடு, 60 டிகிரியில் 41 விழுக்காடு. உயரம் போதாது என்று பயந்து இறுக்கமாகத் திருப்புபவர் இந்த எண்களுக்குள் தானாகவே நடந்துபோகிறார். என்ன நடந்தது என்று புரிந்துகொள்ளவே மூன்று நான்கு நொடி போய்விடும்.

அதனால் குறிப்பிட்ட உயரத்துக்குக் கீழே எஞ்சின் நின்றால் நேரே முன்னால், சற்று இடம் வலம் பார்த்து இறங்கு என்பது பாடம். முன்னால் என்ன இருக்கிறது என்பதைச் சிலேத்தாரில் பருவக்காற்று தீர்மானிக்கிறது. டிசம்பர் முதல் மார்ச் வரை வடகிழக்குக் காற்றை எதிர்த்துக் கிளம்பும்போது எதிரே ஜோகூர் நீரிணை. அதற்கப்பால் பாசிர் கூடாங்கின் தொழிற்சாலைகள். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்புறமிருந்து காற்று வீசும்போது தென்மேற்கு நோக்கிக் கிளம்பினால் கீழே ஜாலான் காயு, இயோ சூ காங், அங் மோ கியோவின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகள். நீரில் இறங்குவதற்கும் வீடுகளுக்கு நடுவே திறந்தவெளி தேடுவதற்கும் ஒரே திட்டம் பொருந்தாது. அன்றைய திசைக்கு ஏற்ற முடிவை உருளுமுன் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ள வேண்டும் என்று பயிற்றுநர்கள் வற்புறுத்துவது இதனால்தான். வானில் யோசிக்க நேரம் கிடைக்காது. தரையில் யோசித்ததை நினைவுகூர மட்டும் கிடைக்கும்.

உருளும்போதே கைவிடுவதற்கும் இப்படி முன்முடிவு வேண்டும். ஓடுபாதையில் பாதியைக் கடக்கும்போது, கிளம்பும் வேகத்தில் 70 விழுக்காட்டை எட்டியிராவிட்டால் நிறுத்திவிடு என்பது பழைய விதி. சீராக வேகமெடுக்கும் பொருள் கடக்கும் தூரம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; 0.7இன் வர்க்கம் 0.49. அதாவது பாதித் தூரத்தில் 70 விழுக்காடு வந்தால்தான் மீதிப் பாதியில் 100 விழுக்காடு வரும். கருவி எதுவும் தேவைப்படாத, பள்ளிக் கணக்கு. இருந்தும் நடுவில் நிறுத்துவதை அவமானமாக நினைக்கும் விமானிகள் உண்டு, பயணிகள் உறவினர்களாக இருக்கும்போது குறிப்பாக.

சிலேத்தாரில் சிறுவிமானங்களுக்கு முன்னால் வணிக ஜெட்கள் கிளம்புகின்றன. அவற்றின் இறக்கை நுனிகளிலிருந்து இறங்கும் சுழல்காற்று ஒரு சிறுவிமானத்தைக் கவிழ்க்கவல்லது. நடுத்தர எடை விமானத்துக்குப் பின் இலகு விமானம் 2 நிமிடம் காத்திருக்க வேண்டும். ஓடுபாதையின் நடுவழியிலிருந்து புறப்பட்டால் 3 நிமிடம். நடுவழியில் நுழைந்தால் சுற்றிப்போகும் நேரம் மிச்சம் என்று கேட்டு வாங்குபவர், பின்னால் விட்ட ஓடுபாதையையும் சேர்த்து விட்டுக்கொடுக்கிறார்.

யாருடைய தவறு?

2024 மே 8 அன்று தெங்கா தளத்தில் சிங்கப்பூர் ஆகாயப்படையின் எஃப்-16 ஒன்று கிளம்பிய உடனே விழுந்தது. விமானி வெளியேறி உயிர்தப்பினார். தவறு அவருடையதல்ல என்று விசாரணை காட்டியது: விமானத்தின் நிலையை உணரும் மூன்று முதன்மைச் சுழலிகளில் இரண்டு ஒரே நேரத்தில் ஒரேமாதிரியான பொய்யைச் சொல்ல, கணினி பெரும்பான்மையை நம்பிவிட்டது. செஸ்னாவில் அப்படிப்பட்ட கணினி இல்லை. பிடிக்கும் எலிவேட்டருக்கும் நடுவே இருப்பது வெறும் கம்பிவடமும் கப்பியும். அதனாலேயே சிறுவிமானம் விழுந்தால் பழி சுமக்க மனிதர் ஒருவரே எஞ்சுகிறார்.

2000 அக்டோபர் 31 அன்று தைப்பேயில் நடந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ 006 விபத்தை இங்குள்ளவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கட்டுமானப் பணிக்காக மூடப்பட்டிருந்த 05 வலது ஓடுபாதையில் புயல்மழைக்கு நடுவே தவறுதலாகக் கிளம்பிய போயிங் 747, கட்டுமான எந்திரங்களில் மோதியது. 83 பேர் மாண்டனர். தைவான் அறிக்கை விமானிகளின் தவற்றுக்கு அழுத்தம் கொடுத்தது. சிங்கப்பூர்த் தரப்போ, அந்த ஓடுபாதையின் நுழைவில் தடுப்போ எச்சரிக்கைக் குறியோ வைக்காத நிலையத்தின் குறைகளையும் சேர்த்துப் பார்க்கச் சொன்னது. இரண்டும் ஒரே உண்மைகளைத்தான் பேசின. அனைத்துலக சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் 13ஆம் இணைப்பு, விபத்துப் புலனாய்வின் ஒரே நோக்கம் மறுபடி நேராமல் தடுப்பது, பழி சுமத்துவதல்ல என்கிறது. சிங்கப்பூரின் போக்குவரத்துப் பாதுகாப்புப் புலனாய்வுப் பிரிவும் அந்த அடிப்படையில்தான் இயங்குகிறது. 'விமானியின் தவறு' என்று எழுதிக் கோப்பை மூடினால், அந்தத் தவறு எங்கே, எத்தனை மணி நேரம் முன்பு தொடங்கியது என்ற கேள்வியும் சேர்ந்து மூடப்பட்டுவிடும்.

சரிபார்ப்புப் பட்டியல் என்ற ஏற்பாடே ஒரு புறப்பாட்டு விபத்தில் பிறந்தது. 1935 அக்டோபர் 30 அன்று அமெரிக்காவின் ரைட் ஃபீல்டில் போயிங்கின் மாடல் 299 எழும்பியதும் நிமிர்ந்து, ஸ்டால் ஆகி விழுந்தது. தரையில் நிற்கும்போது காற்றில் வால்பகுதி ஆடாமலிருக்கப் போடும் பூட்டை எடுக்காமல் கிளம்பியிருந்தார்கள். ஓட்டியவர் அமெரிக்க ராணுவத்தின் மிக அனுபவமுள்ள சோதனை விமானிகளில் ஒருவர். நினைவை மட்டும் நம்ப முடியாது என்று அதன் பிறகுதான் பட்டியல் எழுதினார்கள்.

சிறிய செஸ்னாவின் வடிவமைப்பாளர்கள் இதற்கு இன்னும் எளிய வழி கண்டார்கள். பிடியைப் பூட்டும் கம்பியில் ஒரு சிவப்புத் தகடு. அது சாவித் துளையை மறைக்கும். பூட்டை எடுக்காமல் சாவியை நுழைக்க முடியாது. அந்தக் கம்பி தொலைந்த பிறகு ஒரு ஆணியைச் செருகி வைத்துக்கொள்ளும் உரிமையாளர்கள் அந்தப் பாதுகாப்பையும் சேர்த்துத் தொலைக்கிறார்கள்.

மாடல் 299 விழுந்து 79 ஆண்டுகள் கழித்து, 2014 மே 31 அன்று, மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பெட்ஃபோர்டில் ஒரு கல்ஃப்ஸ்ட்ரீம் 4 தனியார் ஜெட் அதே பூட்டோடு உருண்டது. எழும்பவே இல்லை, ஓடுபாதையைத் தாண்டி ஓடைக்குள் பாய்ந்து எரிந்தது. 7 பேர் மாண்டனர். பிடியை நாலாபுறமும் அசைத்துப் பார்த்திருந்தால் பத்து நொடியில் தெரிந்திருக்கும். பதிவுக் கருவியைத் திறந்தபோது அந்த விமானிகளின் முந்தைய 175 புறப்பாடுகள் அதில் இருந்தன. முழுமையாகச் சோதித்துப் பார்த்துவிட்டுக் கிளம்பியது இரண்டே முறை.

அந்த இருவர் மட்டும்தான் இப்படியா என்று அமெரிக்க வணிக விமானப் போக்குவரத்துச் சங்கம் பிற விமானங்களின் பதிவுகளையும் ஆராய்ந்தது. 2013 முதல் 2015 வரையிலான 1,43,756 பயணங்களில், ஏறக்குறைய 16 விழுக்காட்டில் சோதனை அரைகுறை. 2 விழுக்காட்டில் சோதனையே நடக்கவில்லை. கிட்டத்தட்ட 2,900 புறப்பாடுகள். அவை எல்லாமே பத்திரமாகப் போய்ச் சேர்ந்த பயணங்கள்.